வட்டிலப்பத்தில் கறுவாவும் மிளகும்: கேள்வி பதில்

சம்மாந்துறையில் இருபது வருடமாகப் பெருநாளுக்கும் கலியாண வீடுகளுக்கும் வட்டிலப்பம் (கருப்பட்டி, முட்டை, தேங்காய்ப்பால் கலந்து ஆவியில் அவிக்கும் இனிப்பு) அவித்துக் கொடுக்கிறேன். ஏலமும் சாதிக்காயும் போடும் பழைய பக்குவத்தோடு கறுவா (இலவங்கப்பட்டை), மிளகு, இஞ்சியும் சேர்க்கத் தொடங்கிய பிறகு நிறையப் பேர் விசாரிக்கிறார்கள். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

ராத்தா, அளவைச் சொல்லுங்கோ. (காத்தான்குடி)

கித்துள் (கூந்தல்பனை) கருப்பட்டி 500 கிராம், முட்டை 10, தண்ணீர் கலக்காமல் பிழிந்த கெட்டித் தேங்காய்ப்பால் 2 கப், ஏலக்காய் 8, கொஞ்சம் சாதிக்காய், ஒரு சிட்டிகை உப்பு. இதில் நான் கை வைப்பதில்லை. புதிதாகச் சேர்ப்பது விரல் நீளக் கறுவா 2, கராம்பு (கிராம்பு) 4, தட்டிய மிளகு 10 மணி, இஞ்சி 4 துண்டு.

கறுவாத்தூள் போட்டேன், அடியில் மண் மாதிரிப் படிந்துவிட்டது. ஏன்? (கல்முனை)

தூள் கரையாது தங்கச்சி. அவியும்போது கீழே இறங்கிவிடும். வாசனையைப் பாகில்தான் ஏற்ற வேண்டும். கருப்பட்டியைச் சீவி, அரைக் கப் தண்ணீரும் முழு வாசனைச் சாமான்களும் இஞ்சியும் போட்டு, சின்ன நெருப்பில் ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். இறக்கி மூடி வைத்து, நன்றாக ஆறியதும் மெல்லிய துணியில் வடியுங்கள். கருப்பட்டியில் இருக்கும் தூசியும் அதோடு போய்விடும். கறுவா நம் இலங்கைச் சரக்கு. மெல்லிய பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டதாகப் பார்த்து வாங்குங்கள், தடித்த ஒற்றைப் பட்டை காரம் கூடியது. ஏலமும் சாதிக்காயும் மட்டும் கடைசியில் பொடியாகப் போடலாம்.

அக்கா, ஓட்டை ஓட்டையாக வந்து தண்ணீரும் விடுகிறது. (கல்லடி)

நெருப்புக் கூடிவிட்டது. முட்டை மெதுவாக இறுகினால் பாலைப் பிடித்து வைத்திருக்கும். தண்ணீர் தளதளவென்று கொதித்தால் முட்டை சுருங்கி, உள்ளே இருந்ததைக் கக்கிவிடும். முட்டையை நுரை எழும்ப அடிக்காமல் கலக்கி, ஆறிய பாகையும் பாலையும் சேர்த்து மறுபடி வடியுங்கள். பாகு சூடாக இருந்தால் முட்டை அங்கேயே வெந்து திரியும். பாத்திரத்தின் வாயை ஃபொயிலால் இறுக்கி மூடுங்கள், ஆவித்தண்ணீர் சொட்டாது. பெரிய பாத்திரத்துக்கு முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம், சின்னக் கிண்ணத்துக்கு இருபத்தைந்து நிமிடம். நடுவில் லேசாக ஆடும்போதே இறக்குங்கள், ஆற ஆற இறுகும். ஓட்டை விழுந்தால்தான் வட்டிலப்பம் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. எனக்கு வழுவழுப்புத்தான் பிடிக்கும்.

பனங்கட்டியில் செய்யலாமா? (அக்கரைப்பற்று)

செய்யலாம், ஆனால் சுவை மாறும். பனங்கட்டிக்கென்று ஒரு கரிப்பு உண்டு, அதனால் உப்பை விட்டுவிடுங்கள். கித்துளின் புகைவாசமும் கறுவாவும் சேர்ந்தால் வருகிற மணம் மட்டும் அதில் கிடைக்காது.

முட்டை இல்லாமல்? (மட்டக்களப்பு)

வேண்டாம். அதே பாகில் தேங்காய்ப்பாலும் விட்டுக் கடற்பாசி (அகர் அகர்) காய்ச்சுங்கள், அருமையாக இருக்கும்.

மிளகு என்றதும் மாமி ஏசுறா. பிள்ளைகள் சாப்பிடுமா? (நிந்தவூர்)

பத்து மணி மிளகு நாக்கில் உறைக்காது, விழுங்கிய பிறகு தொண்டையில் ஒரு சின்னச் சூடு தெரியும், அவ்வளவுதான். அதுவே இனிப்புத் திகட்டாமல் பார்த்துக்கொள்ளும். முதல் தடவை ஐந்து மணி போடுங்கள். முதல் நாளே அவித்து ஃபிரிட்ஜில் வைத்து, வறுத்த கஜுவை (முந்திரிப்பருப்பு) தூவி மாமிக்குக் கொடுங்கள். என் உம்மாவும் முதலில் முகம் சுளித்தவதான். இப்போது நோன்புப் பெருநாளைக்கு இதைத்தான் கேட்கிறா.