மின்சுமை தெரிந்தும் அயனிச் சேர்மத்தின் வாய்பாடு தப்பாக வருகிறதே, ஏன்?

ஓர் அயனியின் (மின்சுமை கொண்ட அணு அல்லது அணுக்கூட்டம்) சுமை எண்ணை மற்றதன் கீழே குறுக்காக மாற்றிப் போடும் முறையில் உங்கள் மகனுக்கு மெக்னீசியம் கார்பனேட் தப்பாக வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஒன்பதாம் வகுப்பில் நானும் அங்கேதான் மாட்டினேன். இரண்டுக்கும் மின்சுமை 2, அதனால் இரண்டின் கீழும் 2 போட்டேன். மதிப்பெண் போனது, காரணம் மட்டும் புரியவில்லை.

புரிய வைத்தது அப்பா. திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் வேலை பார்த்தார். பருத்தித் துணிக்குச் சாயம் ஏற கிளாபர் உப்பு போடுவார்கள், அது சோடியம் சல்பேட். "சல்பேட்டுக்கு எதிர்ச்சுமை 2, சோடியத்துக்கு நேர்ச்சுமை 1. ஒரு சல்பேட்டுக்கு எத்தனை சோடியம் வந்தா கணக்குத் தீரும் கண்ணு?" என்றார். இரண்டு என்றேன். "அவ்வளவுதான், கணக்குத் தீரணும்" என்றார்.

நேர்ச்சுமையும் எதிர்ச்சுமையும் கூட்டினால் சுழியம் வர வேண்டும், அதுவும் மிகச் சிறிய முழு எண்களில். குறுக்கு முறை அதற்கு ஒரு குறுக்கு வழி மட்டுமே. மெக்னீசியம் ஒன்று, கார்பனேட் ஒன்று என்றாலே 2-க்கு 2 தீர்ந்துவிடுகிறது. சேலத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட் இந்தச் சேர்மம்தான்.

அலுமினியம் சல்பேட்டில் 3-க்கு எதிரே 2. இரண்டுக்கும் பொதுவான எண் 6, ஆகவே அலுமினியம் இரண்டு, சல்பேட் மூன்று. இங்கேதான் பிள்ளைகள் அடைப்புக்குறியை விட்டுவிடுகிறார்கள். சல்பேட்டிலேயே ஆக்சிஜனுக்குக் கீழே 4 இருக்கிறது. அடைப்பில்லாமல் பக்கத்தில் 3 எழுதினால் ஆக்சிஜன் 43 ஆகிவிடும்! சல்பேட் போலப் பல அணுக்கள் சேர்ந்த கூட்டு அயனி ஒன்றுக்கு மேல் வந்தால் அடைப்பு போட வேண்டும், ஒன்றே ஒன்று என்றால் தேவையில்லை.

சுமை ஒரே மாதிரி இருக்காத இரும்பு, செம்பு போன்றவற்றுக்குப் பெயருடன் வரும் ரோமன் எண்தான் மின்சுமை, அதைப் பார்த்துவிட்டுத் தொடங்கச் சொல்லுங்கள்.

எண்களைச் சுருக்குவதிலும் ஓர் எச்சரிக்கை. மெர்குரஸ் குளோரைடில் இரண்டு பாதரசம் பிணைந்தே ஓர் அயனி, மொத்தச் சுமை 2. எதிரே குளோரைடு இரண்டு. இரண்டுக்கு இரண்டு இருக்கிறதே என்று ஒன்றாக்கிவிட்டால் அந்த அயனியையே உடைத்த மாதிரி. சோடியம் பெராக்சைடும் அப்படித்தான், அங்கே ஆக்சிஜன் இரண்டும் பிணைந்திருக்கும்.

அப்புறம், மகனிடம் கால்சியம் பாஸ்பேட் எழுதச் சொல்லுங்கள். பாஸ்பேட்டுக்கு எதிர்ச்சுமை 3. கால்சியம் மூன்று, அடைப்புக்குள் பாஸ்பேட், வெளியே 2 என்று எழுதி, இரண்டு பக்கமும் 6 வருவதை அவனே காட்டினால் பிடித்துவிட்டான்.