ஊதியம் இல்லாவிட்டாலும் அது வேலைதான்

கேள்வி: சுற்றுலா விசாவில் தாய்லாந்து சென்று, தொண்டு நிறுவனம் நடத்தும் பள்ளி ஒன்றில் சம்பளமின்றி ஆங்கிலம் கற்பிக்கலாமா?

பதில்: கூடாது. சம்பளம் வாங்கவில்லை என்பதாலேயே வகுப்பெடுப்பது வேலையாகாமல் போய்விடாது. கரும்பலகையின் முன் சாக்குக்கட்டியோடு நிற்பவர் தன்னார்வலரேயானாலும், குடியேற்றம் சாராத 'ஓ' வகை விசாவுடன் பணி அனுமதியும் பெற்றாக வேண்டும். அனுமதியின்றிப் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதமும் நாடுகடத்தலும் உண்டு. 'எல்லோரும் இப்படித்தான் வருகிறார்கள்' என்று பள்ளி சொன்னாலும் (பெரும்பாலும் சொல்வார்கள்), அபராதம் கட்டப்போவது நீங்கள்தான். ஜப்பானிலோ, பணி விசாவில் வசிக்கும் ஆசிரியர் ஓய்வு நேரத்தில் கைம்மாறின்றிக் கற்பிக்கத் தனி அனுமதி தேவையில்லை. அங்கே சட்டம் பார்ப்பது ஊதியத்தை.