வாடகை வட்டிக்குப் போகிறது, அண்ணா இன்னும் இருபது இலட்சம் கேட்கிறார்

கேள்வி: நான் திருகோணமலையில் ஆசிரியை, வயது 51. உப்புவெளியில் அம்மா தந்த காணியில் நாங்கள் இருக்கும் வீட்டோடு இரண்டு அனெக்ஸ் உண்டு. இரண்டுக்கும் சேர்த்து மாத வாடகை 60,000 ரூபா. மகன் எலக்ட்ரிசியன், வயது 24. அவனைக் கனடாவுக்கு எடுக்க டொரன்டோவிலுள்ள என் அண்ணா சொன்ன முகவருக்குப் போன வருடம் 15 இலட்சம் கொடுத்தோம். தெரிந்த ஒருவரிடம் காணி உறுதியைக் கொடுத்து, நூற்றுக்கு மூன்று வட்டிக்கு எடுத்த காசு அது. வட்டியை ஒரு மாதமும் தவறவிடவில்லை. இப்போது விசிட்டர் விசாவுக்கு இன்னும் 20 இலட்சம் வேண்டும் என்கிறார் அண்ணா. அதே ஆள் தரத் தயார். காணியை மகன் பெயருக்கு மாற்றினால் விசா இலகு என்றும் அண்ணா சொல்கிறார். அனெக்ஸை வெளிநாட்டவருக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறான் மகன். என்ன செய்வது?

பதில்: ‘வட்டியை ஒரு மாதமும் தவறவிடவில்லை’ என்று எழுதியிருக்கிறீர்களே அம்மா, உங்கள் கடிதத்தில் என்னைப் பதறவைத்த வரி அதுதான். அண்ணா கேட்கும்போதெல்லாம் உறுதியைக் கொடுத்துக் கடன் எடுப்பதும், வாடகை வருகிறதே என்று அந்தக் கடனைச் சுமப்பதும் உங்களுக்குப் பழகிவிட்டது. மற்றக் கேள்விகளைப் பிறகு பார்க்கிறேன்.

மாதம் நூற்றுக்கு மூன்று என்று காதில் விழும்போது சின்னதாகத்தான் இருக்கும். வருடத்துக்கு அது 36 வீதம். 15 இலட்சத்துக்கு மாதம் 45,000, வருடத்துக்கு 5,40,000. உங்கள் வாடகை வருடத்துக்கு 7,20,000. அதில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடக்கும், மாரிக்குப் பிறகு கூரையும் பூச்சும் பார்க்க வேண்டும், ஆதனவரி இருக்கிறது. கையில் நிற்பது ஆறு இலட்சம் என்று வையுங்கள். அதில் வட்டி போக மிச்சம் 60,000, அதாவது மாதம் 5,000. கடனின் முதலான 15 இலட்சமும் அப்படியே நிற்கிறது. இன்னும் 20 இலட்சம் எடுத்தால் மாத வட்டி 1,05,000. வாடகை முழுவதையும் கொடுத்த பிறகும் 45,000 ரூபாவைச் சம்பளத்திலிருந்து எடுக்க வேண்டும். அந்த 20 இலட்சத்தை எடுக்காதீர்கள்.

இதே 15 இலட்சத்தை ஒரு வங்கியில் 14 வீத வட்டிக்கு ஐந்து வருடத்துக்கு எடுப்பதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 34,900. இப்போது கட்டுவதை விடப் பத்தாயிரம் குறைவு, ஐந்து வருடத்தில் முதலும் வட்டியும் முடிந்துவிடும். வங்கி 16 வீதம் கேட்டாலும் தவணை 36,500 அளவில்தான் வரும். ஓய்வுபெற உங்களுக்கு ஒன்பது வருடம் இருப்பதால் வயதும் தடையில்லை. ஆசிரியை என்பதால் அரச ஊழியருக்கான இடர்கடனுக்கும் விண்ணப்பியுங்கள். சிறு தொகைதான், ஆனாலும் வட்டி மிகக் குறைவு, வாங்கிய முதலின் ஒரு பங்கை அது குறைக்கும். நகை இருந்தால் அதையும் கணக்கில் எடுங்கள். 36 வீதத்தோடு ஒப்பிட்டால் வங்கி அடகு எவ்வளவோ மேல்.

வங்கிக்குப் போக முன்னர் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். அந்த ஆளுக்கு நீங்கள் எழுதிக் கொடுத்தது எது? ஈட்டு உறுதியா, அல்லது ‘இத்தனை மாதத்துக்குள் காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவேன்’ என்ற நிபந்தனையோடு எழுதிய விற்பனை உறுதியா? கைமாற்றுக் கொடுக்கும் பலர் இரண்டாவதைத்தான் எழுதுவிப்பார்கள். கையெழுத்து வைப்பவர் அதையும் ஈடு என்றே நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். வித்தியாசம் பெரிது. ஈடு என்றால், நீங்கள் கட்டாவிட்டாலும் அவர் நீதிமன்றம் போய்த்தான் காணியில் கைவைக்கலாம். விற்பனை உறுதி என்றால் பதிவில் காணி ஏற்கெனவே அவருடையது. தவணைத் திகதி கடந்துவிட்டால், ஒழுங்காகக் கட்டிய வட்டிக்குத் துண்டுச்சீட்டுக்கூட இல்லாமல் நீங்கள்தான் வழக்குக்கு அலைய வேண்டும். நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவில் வாதாட வழி உண்டு, ஆனால் அது வருடக்கணக்கில் இழுபடும்.

ஆகவே இந்த வாரமே திருகோணமலை காணிப் பதிவகத்தில் உங்கள் காணியின் பதிவுத் தாளுக்குப் பிரதி எடுங்கள். அந்த ஆளின் நொத்தாரிசு அல்லாத வேறொரு சட்டத்தரணியிடம் காட்டுங்கள். விற்பனை உறுதியாக இருந்தால் திருப்பி எழுதும் கடைசித் திகதியைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் வங்கிக் காசு வரும்படி வேலையைத் தொடங்குங்கள். வங்கி முப்பது வருட உரித்து வரலாறு, நில அளவைப் படம், அங்கீகரித்த கட்டட வரைபடம், ஆதனவரிப் பற்றுச்சீட்டு எல்லாம் கேட்கும். அநேகமாகச் சிக்குவது கட்டட வரைபடத்தில்தான். அனெக்ஸை அனுமதி எடுக்காமல் கட்டியிருந்தால் அங்கேயே மாதங்கள் ஓடிவிடும். காசு கைமாறுவதும் உறுதி திரும்புவதும் ஒரே நாளில், ஒரே மேசையில் நடக்க வேண்டும். இனிக் கட்டும் வட்டியை வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், தடயம் இருக்கும்.

இனி அந்த 35 இலட்சம் எதற்கு என்று பார்ப்போம். கனடா விசிட்டர் விசாவுக்கு அரசாங்கம் எடுப்பது 100 டொலர், கைரேகைக்கு 85 டொலர். நம் காசில் ஏறக்குறைய 40,000 ரூபா. அந்த விசாவில் சாதாரணமாக ஆறு மாதம் வரை நிற்கலாம், வேலை செய்ய முடியாது. அங்கே போய் வேலை அனுமதியாக மாற்றலாம் என்று முகவர் சொன்னால், விசிட்டர்களுக்கு இருந்த அந்தச் சலுகையைக் கனடா 2024 ஓகஸ்ட் 28 அன்றே நிறுத்திவிட்டது. எல்எம்ஐஏ (வெளிநாட்டுத் தொழிலாளியை எடுக்கக் கனடா முதலாளி பெறும் அனுமதி) எடுத்துத் தருகிறேன் என்றால், அதன் 1,000 டொலர் கட்டணத்தை முதலாளிதான் கட்ட வேண்டும், தொழிலாளியிடம் அறவிடக் கூடாது. நிரந்தர வதிவிடத்துக்கான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்குக் கொடுத்துவந்த மேலதிகப் புள்ளியும் 2025 மார்ச்சிலிருந்து இல்லை. பொய்யான வங்கிக் கூற்றோ வேலைக் கடிதமோ பிடிபட்டால் ஐந்து வருடத் தடை. அதை அனுபவிக்கப்போவது உங்கள் மகன், முகவர் அல்ல. காசு வாங்கிக்கொண்டு கனடாக் குடிவரவு விண்ணப்பம் செய்ய அங்கு உரிமம் பெற்ற சட்டத்தரணிகள் போன்றோருக்கும், பதிவுபெற்ற குடிவரவு ஆலோசகர்களுக்கும்தான் அனுமதி. ஆலோசகர்களின் பதிவேட்டை எவரும் இணையத்தில் பார்க்கலாம். முகவரின் பெயர் அதில் இருக்கிறதா என்று அண்ணாவையே தேடச் சொல்லுங்கள். கொடுத்த 15 இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டையும் எழுத்தில் கேளுங்கள்.

அண்ணா நல்ல மனதோடுதான் சொல்கிறார் என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கடனில் அவருடைய காசு ஒரு சதமும் இல்லை. இருபது இலட்சத்துக்கு அவரே பொறுப்பு நிற்பாரா என்று கேட்டுப் பாருங்கள், பதில் தெளிவாகும்.

காணியை மகன் பெயருக்கு மாற்றுவதில் விசாவுக்குப் பெரிய இலாபம் எதுவும் இல்லை. எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் குடியேறக் காட்டும் பணத்தில் காணி, வீட்டின் பெறுமதியைக் கணக்கெடுக்க மாட்டார்கள். கடன் வாங்கிக் காட்டும் காசும் செல்லாது. மீளப்பெறும் உரிமையை வைத்துக்கொள்ளாமல் நன்கொடை உறுதி எழுதினால் அதை மீளப் பெற நீதிமன்றம் போக வேண்டும். பிற்காலத்தில் எப்போதாவது எழுதுவதானால் உங்கள் சீவிய உருத்தை (உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதுங்கள். மகன் ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பரீட்சை எழுதட்டும், வேலை செய்த இடங்களில் கடமை விபரத்தோடு அனுபவக் கடிதம் எடுக்கட்டும். இவை எந்த நாட்டுக்கும் உதவும். வளைகுடா வேலை வந்தால் முகவர் நிலையத்தின் உரிமத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில், 1989 இலக்கத்துக்கு அழைத்து, சரிபாருங்கள்.

நாள் வாடகை இப்போது எல்லோர் வாயிலும் இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளியில் சீசன் மே தொடக்கம் செப்டெம்பர் வரை. ஒக்டோபருக்குப் பின் மழை. ஓர் அனெக்ஸுக்கு இரவு 6,000 ரூபா, மாதம் 15 இரவு, ஐந்து மாதம் என்றால் இரண்டிலும் ஒன்பது இலட்சம். அறை பதிவுசெய்யும் இணையத்தளத்துக்கு 15 வீதம் 1,35,000. சுத்தம், சலவை இரவுக்கு 1,000 வீதம் 1,50,000. நீங்கள் பள்ளிக்கூடம் போவதால் பார்க்க ஓர் ஆள், வருடம் முழுவதும் மாதம் 30,000 வீதம் 3,60,000. மிச்சம் 2,55,000. குளிரூட்டியும் மின்சாரக் கட்டணமும் கட்டிலும் இன்னும் கழிக்கவில்லை. இப்போதுள்ள ஆறு இலட்சத்தை இதற்காக விடாதீர்கள்.

வாடகைக்காரரிடம் இரண்டு வருட முற்பணம் வாங்கி முகவருக்குக் கொடுக்கவும் வேண்டாம், அதுவும் கடன்தான். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். அப்படி எழுதியிருந்தால், தவணை முடிந்தும் எழும்பாதவரை 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் சுருக்கமான வழக்கில் எழுப்பலாம். நொத்தாரிசு இல்லாமல் வெறும் கடதாசியில் எழுதிய ஒப்பந்தத்துக்கு அந்த வழி இல்லை. இரண்டு அனெக்ஸுக்கும் அடுத்த முறை ஒரு வருடத்துக்கு மட்டும் எழுதுங்கள், மூன்று மாத முற்பணத்தோடு. மின்சார, தண்ணீர் மீற்றர் இலக்கங்களையும் அன்றைய வாசிப்பையும் உறுதியிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.