‘ஃபைல் டி.பி.பி.யிடம் இருக்கிறது’ என்றால் என்ன அர்த்தம்?

சட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. போலீஸ் ரிப்போர்ட் செய்தாகிவிட்டது. அதன் பிறகு யார் கையில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. அதனால் இந்த முறை டி.பி.பி. அலுவலகம் தொடர்பான கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

கேள்வி: தங்க முதலீடு என்று சொன்னவரிடம் 18,000 ரிங்கிட் கொடுத்து ஏமாந்தேன். ரிப்போர்ட் செய்து மூன்று மாதம் ஆகிறது. விசாரணை அதிகாரிக்குப் போன் போட்டால், “ஃபைல் டி.பி.பி.யிடம் போயிருக்கிறது” என்கிறார். யார் அந்த டி.பி.பி.? நேரில் பார்த்துப் பேச முடியுமா?
வாசகி, பிறை

பதில்: நம் நாட்டில் ‘பப்ளிக் பிராசிகியூட்டர்’ ஒருவர்தான். சட்டத்துறைத் தலைவரே அந்தப் பொறுப்பில் இருக்கிறார். குற்ற வழக்கைத் தொடுப்பது, நடத்துவது, நடுவில் நிறுத்துவது எல்லாம் அவருடைய அதிகாரம் என்கிறது அரசியலமைப்புச் சட்டத்தின் 145(3)-ஆவது விதி. ஷரியா நீதிமன்றமும் ராணுவ நீதிமன்றமும் இதில் சேராது. நாட்டிலுள்ள அத்தனை ஃபைலையும் ஒருவரே பார்க்க முடியாது என்பதால், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 376-ஆவது பிரிவின்கீழ் துணை அரசு வழக்கறிஞர்கள் நியமிக்கப்படுகிறார்கள். மலாயில் ‘திம்பாலான் பெண்டக்வா ராயா’. ஆங்கிலத்தில் ‘டெபுட்டி பப்ளிக் பிராசிகியூட்டர்’, அதைத்தான் பேச்சு வழக்கில் டி.பி.பி. என்கிறோம். தலைமை அலுவலகம் புத்ராஜெயாவில் இருக்கிறது. மாநிலங்களில் தனித்தனி அலுவலகங்கள் உண்டு.

போலீஸ் விசாரிக்கும், வழக்குப் போடுவதா வேண்டாமா என்று டி.பி.பி. முடிவு செய்வார். அவர் உங்கள் முகத்தைப் பார்த்து முடிவு செய்வதில்லை. ‘கெர்த்தாஸ் சியாசாத்தான்’ எனப்படும் விசாரணை ஃபைலைப் படித்துத்தான் முடிவு செய்கிறார். உங்கள் ரிப்போர்ட், சாட்சிகளின் வாக்குமூலங்கள், வங்கிப் பதிவுகள், படங்கள் எல்லாம் அதில் இருக்கும். எந்தச் சட்டப் பிரிவு பொருந்தும், அந்தப் பிரிவு கேட்கும் ஒவ்வோர் அம்சத்துக்கும் ஃபைலில் ஆதாரம் இருக்கிறதா என்று பார்ப்பார். ஓட்டை தெரிந்தால், “பணம் போன கணக்கின் சொந்தக்காரரிடம் வாக்குமூலம் எடுங்கள்” என்பதுபோல் உத்தரவு எழுதி ஃபைலைத் திருப்பி அனுப்புவார். ஒரு ஃபைல் இப்படி இரண்டு மூன்று தடவை போய் வருவது சாதாரணம். மூன்று மாதத் தாமதத்தில் பெரும்பகுதி இந்த நடையாகவே இருக்கலாம்.

வழக்குப் போடும் முன்பு டி.பி.பி.யைச் சந்திக்க வாய்ப்பு மிகக் குறைவு. அவர் அரசின் வழக்கறிஞர். உங்கள் வழக்கறிஞர் இல்லை. ஆனால் தகவல் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, அதை நம் மக்கள் பயன்படுத்துவதே இல்லை என்பது எங்களுக்கு மிகவும் வருத்தம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107ஏ பிரிவின்படி, வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றமாக இருந்து, ரிப்போர்ட் செய்து நான்கு வாரம் கடந்திருந்தால், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்கலாம். விசாரணையைக் கெடுக்கும் விவரத்தைத் தவிர மற்றதை இரண்டு வாரத்துக்குள் சொல்ல வேண்டும். ரிப்போர்ட் செய்த நிலையத்தின் தலைவர் பெயருக்குக் கடிதம் எழுதி, ரிப்போர்ட் எண்ணையும் தேதியையும் குறிப்பிட்டு, உங்கள் நகலில் ‘பெற்றுக்கொண்டோம்’ முத்திரை வாங்குங்கள். அந்த முத்திரை இல்லாவிட்டால் இரண்டு வாரம் எப்போது தொடங்கியது என்றே காட்ட முடியாது. பதில் வராவிட்டால் அதைப் பப்ளிக் பிராசிகியூட்டருக்கு எழுதலாம். மாவட்டப் போலீஸ் தலைவரிடமிருந்து விரிவான அறிக்கையை அவர் கேட்டு வாங்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது.

உங்கள் ஃபைலைப் பலவீனமாக்கக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டில் மேலே ‘கோல்ட் அண்ணன்’ என்று நீங்கள் சேமித்த பெயர் மட்டும் இருந்தால், அது யார் என்று படிப்பவருக்குத் தெரியாது. அந்தப் பெயரைத் தொட்டு, எண் தெரியும் பக்கத்தையும் படமெடுங்கள். தேதி தெரியும்படி உரையாடலை முதலிலிருந்து வரிசையாக எடுங்கள். உங்களுக்குச் சாதகமான நாலு வரியை மட்டும் வெட்டிக் கொடுக்காதீர்கள். போனை மாற்றினாலும் பழைய போனை அழிக்காமல் வைத்திருங்கள். நீதிமன்றத்தில் பிரிண்ட் எடுத்த தாளைவிட அது வந்த கருவி பெரிதாகப் பேசும். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது இப்போதுதான் ஆன்லைனில் பணம் போயிருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் உடனே தேசிய மோசடித் தடுப்பு மையத்தின் எண்ணான 997-ஐ அழையுங்கள்.

கேள்வி: எனக்கு மலாய் ஓரளவுதான் வரும். வாக்குமூலத்தைத் தமிழில் சொன்னேன். அதிகாரி மலாயில் டைப் செய்து கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு மகள் படித்துப் பார்த்தாள். நான் ‘தள்ளினார்’ என்று சொன்னது ‘அடித்தார்’ என்று இருக்கிறது. இது பெரிய விஷயமா?
வாசகி, செந்தூல்

பதில்: பெரிய விஷயம்தான், அம்மா. ‘தோலாக்’ என்பது தள்ளுவது, ‘புக்குல்’ என்பது அடிப்பது. அந்தத் தாளைப் படித்துத்தான் டி.பி.பி. குற்றச்சாட்டை எழுதுவார். பின்னால் நீங்கள் சாட்சிக் கூண்டில் நின்று உண்மையைச் சொன்னால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அந்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்றா?” என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியே வழக்கின் கழுத்தைத் திருகிவிடும்.

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 112-ஆவது பிரிவு இதற்காகவே ஒரு பாதுகாப்பு வைத்திருக்கிறது. நீங்கள் எந்த மொழியில் சொன்னீர்களோ அதே மொழியில் வாக்குமூலத்தை உங்களுக்குப் படித்துக் காட்டி, திருத்த வாய்ப்புக் கொடுத்து, அதன் பிறகே கையெழுத்தோ கைநாட்டோ வாங்க வேண்டும். ஆகவே, “தமிழில் படித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்” என்று சொல்வது அடாவடி ஆகாது. தமிழ் தெரிந்த அதிகாரியோ மொழிபெயர்ப்பாளரோ வேண்டும் என்று கேளுங்கள். தவறு இருந்தால் அந்த இடத்திலேயே திருத்தி, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடலாம்.

உங்கள் விஷயத்தில் கையெழுத்து ஏற்கெனவே விழுந்துவிட்டது. விசாரணை அதிகாரியிடம் போய்க் கூடுதல் வாக்குமூலம் பதிவு செய்யக் கேளுங்கள். எந்த வரி தவறு, உண்மையில் சொன்னது என்ன என்று மட்டும் சொன்னால் போதும். ஃபைல் டி.பி.பி.யிடம் போகும் முன்பே செய்வது நல்லது, போய்விட்டாலும் செய்யுங்கள். விசாரணைத் தேதியில், சாட்சி சொல்லும் முன் டி.பி.பி. உங்களிடம் பேசும்போது இந்தத் தவறை அவரிடமும் சொல்லிவிடுங்கள். எதிர்த்தரப்பு வாயிலிருந்து அவர் முதல் தடவையாகக் கேட்கக் கூடாது. நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்பதையும் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

கேள்வி: சண்டையில் பக்கத்து வீட்டுக்காரர் என் உதட்டைக் கிழித்துவிட்டார். ரிப்போர்ட் செய்தேன். “இதை நாங்கள் விசாரிக்க முடியாது, மாஜிஸ்திரேட்டிடம் போங்கள்” என்கிறார்கள். தட்டிக் கழிக்கிறார்களா?
வாசகர், கெப்போங்

பதில்: அப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆயுதம் இல்லாத சாதாரணக் காயம் தண்டனைச் சட்டத்தின் 323-ஆவது பிரிவில் வரும். அது வாரண்ட் இல்லாமல் கைது செய்ய முடியாத வகைக் குற்றம். அந்த வகையில் டி.பி.பி.யின் விசாரணை உத்தரவு இல்லாமல் போலீஸ் தன் அதிகாரங்களைப் பயன்படுத்த முடியாது என்று குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 108-ஆவது பிரிவு சொல்கிறது. உங்கள் மருத்துவ அறிக்கையை நன்றாகப் பாருங்கள். பல் முறிந்திருந்தாலோ எலும்பில் விரிசல் இருந்தாலோ அது ‘கொடுங்காயம்’. அது 325-ஆவது பிரிவு, ஏழாண்டு வரை சிறை. ஒரு எக்ஸ்ரே ஃபைலையே மாற்றிவிடும். அடிபட்டவர் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

வீட்டுக்குள் நடக்கும் வன்முறைக்கு இந்தத் தடை கிடையாது. அங்கே சின்னக் காயமானாலும் போலீஸ் நேரடியாக விசாரிக்கலாம்.

கேள்வி: ‘மேல் நடவடிக்கை இல்லை’ என்று ஃபைலை மூடிவிட்டார்கள். “இது சிவில் விவகாரம்” என்கிறார்கள். பணத்தைப் போட்டவன் நான், இதோடு முடிந்ததா?
வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்த முடிவின் பின்னால் இருக்கும் கணக்கைப் புரிந்துகொண்டால்தான் அடுத்த படி தெரியும். தண்டனைச் சட்டத்தின் 420-ஆவது பிரிவில் மோசடியை நிரூபிக்க, பணம் வாங்கும் நேரத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தது என்று காட்ட வேண்டும். வாங்கும்போது நல்ல எண்ணம், பிறகு தொழில் நொடித்துத் திருப்பித் தர முடியவில்லை என்றால் அது கடன். நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க முடியாத வழக்கை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனால் அங்கே விடுதலை ஆகும். விடுதலை ஆனவர் மேல் அதே குற்றத்துக்கு மறுபடி வழக்குப் போட முடியாது. அதைவிட ஃபைல் மூடியிருப்பது உங்களுக்கு நல்லது. மூடிய ஃபைலைத் திறக்கலாம்.

திறக்க வைப்பது புதுச் சரக்கு. வாங்கும்போதே சொன்ன பொய்க்கு ஆதாரம் தேடுங்கள். இல்லாத நிலத்தைக் காட்டினாரா? பதிவே ஆகாத கம்பெனியின் பெயரில் ரசீது கொடுத்தாரா? அதே நாளில் அதே கதையைச் சொல்லி வேறு நாலு பேரிடம் வாங்கினாரா? அந்த நாலு பேரும் தனித்தனியாக ரிப்போர்ட் செய்திருந்தால், உங்கள் ரிப்போர்ட்டோடு சேர்த்துப் படிக்கும்போது எண்ணம் தெரிந்துவிடும். இவற்றை இணைத்து, ரிப்போர்ட் எண் போட்டு, மாநில அரசு வழக்கு இயக்குநருக்கு மனு எழுதலாம். திட்டித் தீர்க்கும் ஐந்து பக்கத்தைவிட, தேதி வாரியாக ஒன்றரைப் பக்கம் எழுதினால் படிப்பார்கள்.

டி.பி.பி.யின் முடிவை நீதிமன்றத்தில் எதிர்ப்பது கடினம். அரிதான, விதிவிலக்கான சூழலில் மட்டும் சீராய்வுக்கு இடமுண்டு என்று கூட்டரசு நீதிமன்றம் 2021-இல், சுந்தர ராஜூ வழக்கில் சொன்னது. அதை நம்பி உட்கார வேண்டாம். சிவில் வழக்குக்குப் பொதுவாக ஆறு ஆண்டு கெடு. அந்தக் கடிகாரம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது. 5,000 ரிங்கிட்டுக்குள் என்றால் வழக்கறிஞர் இல்லாமலே மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கைப் பிரிவில் போடலாம்.

கேள்வி: தங்கச்சி தன் கணவர் மேல் ரிப்போர்ட் செய்தாள். இப்போது இரண்டு வீட்டுப் பெரியவர்களும் வாபஸ் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?
வாசகர், ஜெலுத்தோங்

பதில்: ரிப்போர்ட்டை வாபஸ் வாங்குவது என்று ஒன்று கிடையாது. “நடவடிக்கை வேண்டாம்” என்று இன்னொரு ரிப்போர்ட் செய்யலாம். அதுவும் அதே ஃபைலில் போய்ச் சேரும். வழக்கை நடத்துவதா விடுவதா என்பது டி.பி.பி. கையில்தான். “நான் சொன்னது பொய்” என்று மட்டும் எந்தப் பெரியவர் சொன்னாலும் எழுதிக் கொடுக்கக் கூடாது. பொய்த் தகவல் கொடுத்த குற்றம் (தண்டனைச் சட்டத்தின் 182-ஆவது பிரிவு) அவள் மேலேயே திரும்பக்கூடும். அடுத்த முறை அடிபட்டு ஓடி வரும்போது அவள் பேச்சுக்கும் மதிப்புக் குறையும். இடைக்காலப் பாதுகாப்பு ஆணை வாங்கியிருந்தால் இன்னொன்றைக் கவனியுங்கள். அது விசாரணைக் காலத்துக்கு மட்டுமே. ஃபைல் முடிவானதாகக் கடிதம் வந்த அன்றே சமூகநல அலுவலகத்துக்கோ வழக்கறிஞரிடமோ போங்கள். இடையில் பாதுகாப்பே இல்லாத நாள் ஒன்றுகூட இருக்கக் கூடாது.

கேள்வி: தம்பியைத் தாக்கிய வழக்கு ஜாலான் டூத்தா நீதிமன்றத்தில் வருகிறது. நாங்களும் வழக்கறிஞர் வைக்க வேண்டுமா? சிகிச்சைச் செலவு கிடைக்குமா?
வாசகி, பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: கட்டாயமில்லை. வைத்தாலும் அவர் ‘வாட்சிங் பிரீஃப்’ முறையில் உட்கார்ந்து கவனிப்பார். வழக்கை நடத்துவது டி.பி.பி.தான்.

செலவுக்கு வழி உண்டு, ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். குற்றவாளி என்று தீர்ப்பானதும், டி.பி.பி. விண்ணப்பித்தால் நீதிமன்றம் இழப்பீட்டு ஆணை போட வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 426(1ஏ) பிரிவு. காயம், செலவு, இழந்த வருமானம், குற்றவாளியின் கட்டும் சக்தி எல்லாம் பார்த்துத் தொகை முடிவாகும். மருத்துவ பில், வேலைக்குப் போகாத நாட்களுக்கான முதலாளியின் கடிதம், சம்பளச் சீட்டு ஆகியவற்றை இப்போதே ஒரு கவரில் போட்டு, ஒரு நகலை விசாரணை அதிகாரி வழியாக டி.பி.பி.க்குக் கொடுத்துவிடுங்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தண்டனை அன்றே முடிந்துவிடலாம். அப்போது பில் தேட நேரம் இருக்காது. தண்டனைக்கு முன் பாதிப்பு பற்றித் தம்பியோ குடும்பத்தாரோ பேசச் சட்டத்தில் இடமுண்டு. அதையும் கேட்க வேண்டும்.

வீடு மாறினால், போன் எண் மாறினால் விசாரணை அதிகாரிக்குச் சொல்லுங்கள். சம்மன் கிடைக்காமல் சாட்சி வராததால் வழக்கு நின்றுபோவது வயிற்றெரிச்சல். அப்போது குற்றம் சாட்டப்பட்டவர் ‘டி.என்.ஏ.ஏ.’ என்று விடுவிக்கப்படலாம். அது முழு விடுதலை ஆகாது, மறுபடி வழக்குப் போடலாம். என்றாலும் போன வேகம் திரும்பி வராது.

கேள்வி: எங்கள் வழக்கில் எதிரியை விடுதலை செய்துவிட்டார்கள். நாங்கள் அப்பீல் செய்ய முடியுமா?
வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: நீங்களாகச் செய்ய முடியாது; அப்பீல் உரிமை அரசுத் தரப்புக்குத்தான். மாஜிஸ்திரேட் விடுதலை செய்தால், பப்ளிக் பிராசிகியூட்டரோ அவரது எழுத்து அனுமதி பெற்றவரோதான் அப்பீல் போகலாம் (குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 306-ஆவது பிரிவு). அப்பீல் நோட்டீஸுக்குத் தீர்ப்பு நாளிலிருந்து 14 நாள்தான் கெடு. அதனால் தீர்ப்பின் எழுத்து நகல் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வழக்கு எண், நீதிமன்றம், தீர்ப்புத் தேதி, எந்தச் சாட்சியம் கவனிக்கப்படவில்லை என்று நினைக்கிறீர்கள், இந்த நான்கையும் ஒரு பக்கத்தில் எழுதி, தீர்ப்பு வந்த மறுநாளே வழக்கை நடத்திய டி.பி.பி.யின் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.