பாத்ரூம் போனால் நின்றுவிடும் குதிரை

கேள்வி: எங்கள் கால் சென்டரில் சுவர் நிறைய ஒரு திரை வைத்திருக்கிறார்கள். ஆளுக்கொரு குதிரை, ஒவ்வொரு கால் முடிக்கும்போதும் அது முன்னால் ஓடும். முதல் வாரம் ஜாலியாகத்தான் இருந்தது. இப்போது நான் பாத்ரூம் போனால் என் குதிரை நிற்கிறது, மொத்த ஃப்ளோரும் பார்க்கிறது. இதில் உற்சாகம் வருமா? - பெயர் வேண்டாம், சென்னை

பதில்: வரும், அந்த முதல் வாரம் வந்ததே, அவ்வளவுதான். கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் ஹோட்டல்களின் சலவைக்கூடத்தில் இதே கதை நடந்தது. யார் எத்தனை துணி முடித்தார் என்று பெயரோடு பெரிய திரையில் காட்டினார்கள். பின்தங்கிவிடுவோமோ என்று சிலர் பாத்ரூம் போவதையே தள்ளிப்போட்டதாக 2011-ல் லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் எழுதியது. ஊழியர்கள் அந்தத் திரைக்கு வைத்த பெயர் ‘மின்னணு சாட்டை’!

ஆனால் விளையாட்டு என்றாலே மோசம் என்று சொல்லமாட்டேன். விண்டோஸ் 7 வருவதற்கு முன், பல மொழிகளில் அதன் திரைகளில் இருந்த மொழிபெயர்ப்பைச் சரிபார்க்க மைக்ரோசாஃப்ட் தன் ஊழியர்களுக்கே ஒரு விளையாட்டு வைத்தது. அது அவர்கள் வேலையே இல்லை, விருப்பப்பட்டவர் ஆடலாம், தாய்மொழியில் தப்பு கண்டுபிடிக்க யாருக்குத்தான் கை அரிக்காது, 5 லட்சம் திரைகளுக்கு மேல் பார்த்துத் தள்ளினார்கள். ஜப்பான் அலுவலகம் ஒரு நாள் வழக்கமான வேலையை ஓரங்கட்டிவிட்டு ஆடி முதலிடம் பிடித்தது. அங்கே தோற்றவருக்கு இன்க்ரிமென்ட் வெட்டு கிடையாது. உங்கள் குதிரைக்கு அப்படியா?

டீம் லீடரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: தனி ஆள் பெயரை எடுத்துவிட்டுக் குழுவுக்கு ஒரு குதிரை விடட்டும், பிரேக் எடுத்தால் அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் இருக்கட்டும்.

கேள்வி: திரை எதற்கு, அலுவலகத்தையே மெய்நிகர் உலகத்துக்குக் கொண்டுபோனால் ஊழியர்கள் குஷியாகிவிடமாட்டார்களா? - வாசகர், கோவை

பதில்: ‘செகண்ட் லைஃப்’ என்ற மெய்நிகர் உலகத்தில் ஐபிஎம் தீவுகளே வாங்கிப்போட்டு, ஊழியர்களை அவதார் உருவத்தில், அதாவது கணினித் திரையில் அவர்களுக்காக உலவும் பொம்மை உருவத்தில், நடமாடவிட்டது. 2007 செப்டம்பர் 27 அன்று, போனஸை வெட்டிய கோபத்தில் இருந்த இத்தாலி ஊழியர்கள் அதே தீவுகளில் அவதார்கள் கையில் தட்டியைக் கொடுத்துப் போராட்டம் நடத்திவிட்டார்கள்! பல நாடுகளிலிருந்து 1,800 பேருக்கு மேல் வந்து சேர்ந்தார்கள். அப்புறம் ஐபிஎம்மின் இத்தாலி கிளைத் தலைவர் பதவி விலகினார், போனஸும் பேசித் திரும்பக் கிடைத்தது.