களிமண் வீட்டில் செங்காந்தள்

கேள்வி: வேதாரண்யம் பக்கம் வேலியில் தானாகப் படர்ந்து பூக்கும் செங்காந்தள், எங்கள் தோட்டத்தில் ஐப்பசி மழை வந்ததும் அழுகிவிடுகிறது. மணல் போட்டுத்தான் குழியில் நட்டோம். எங்கே தவறு?
– வாசகி, மன்னார்குடி

பதில்: அந்தக் குழிதான் தவறு. வேதாரண்யம் மணல் மேட்டு மண். எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் இறங்கிவிடும். உங்களுடையது வயல் களிமண். அதில் குழி வெட்டி மணல் நிரப்பினால், சுற்றியுள்ள மழைநீரெல்லாம் அதற்குள் வந்து தேங்கும். வறட்சியைத் தாங்கும் கிழங்கு, தேங்கும் நீரைத் தாங்காது.

பள்ளம் வேண்டாம், மேடு போடுங்கள். ஒன்றரை அடி உயரம், இரண்டடி அகலம். செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு. பச்சைச் சாணம் கூடவே கூடாது, அதுவும் அழுகலைக் கூட்டும்.

கிழங்கு கலப்பை போல இரண்டு கையாகப் பிரிந்திருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரே ஒரு முளைக்கண்தான். நுனி ஒடிந்த கை முளைக்காது, வாங்கும்போதே பாருங்கள். 50–60 கிராம் எடையுள்ள கிழங்காக இருந்தால் முதல் ஆண்டே பூக்கும். அழுகலைத் தடுக்கும் நுண்ணுயிர்த் தூளான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கரைத்த நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆடியில் இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். கிழங்குக்குக் கிழங்கு ஓரடி இடைவெளி. முளை வரும்வரை மண்ணில் லேசான ஈரம் போதும்.

இலை நுனிதான் இதற்குப் பற்றுக்கம்பி. மூங்கில் கழி, இரும்புக் குழாய் போன்ற தடித்தவற்றைச் சுற்ற அதற்கு வராது. காய்ந்த நொச்சி மிளாறோ நைலான் வலையோ கொடுங்கள், பிடித்து ஏறிவிடும்.

காட்டிலும் வேலியிலும் இருப்பதைத் தோண்டாதீர்கள். நம் மாநிலப் பூ அது. வேதாரண்யத்திலும் மூலனூரிலும் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அவர்களிடம் கிழங்கு கிடைக்கும்.

கேள்வி: தை மாதத்தில் கொடி முழுக்கக் காய்ந்துவிட்டது. தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லையே?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஊற்றுவதை உடனே நிறுத்துங்கள். செடி சாகவில்லை, கிழங்கு உறங்குகிறது. இப்போது ஈரம் பட்டால்தான் கெடும். தொட்டியென்றால் மழை படாத தாழ்வாரத்தில் ஆடிவரை அப்படியே வைத்துவிடுங்கள்.

கேள்வி: பூ நிறைய வருகிறது, காய் பிடிப்பதில்லை.
– வாசகர், கும்பகோணம்

பதில்: சூல்தண்டு மகரந்தப் பைகளை விட்டு விலகிப் பக்கவாட்டில் மடங்கி நிற்பதால் மகரந்தம் தானாகப் போய்ச் சேராது. காலையில் வேறொரு செடியின் பூவிலிருந்து மகரந்தப் பையை எடுத்து, சூல்தண்டின் மூன்றாகப் பிரிந்த நுனியில் தொட்டு விடுங்கள். பூ மட்டும் போதுமென்றால் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கலாமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: தவழும், நடைபழகும் குழந்தை இருந்தால் வேண்டாம். செடி முழுதும் நஞ்சு. கிழங்கிலும் விதையிலும் மிக அதிகம். கோல்சிசின் என்னும் அந்த நஞ்சு வேகவைத்தாலும் போகாது. வள்ளிக்கிழங்கென்று நினைத்துச் சமைத்து உயிரிழந்தவர்கள் உண்டு. எனவே சமையற்கட்டுப் பக்கம் கிழங்கைச் சேமிக்காதீர்கள், கையுறையின்றித் தொடாதீர்கள், ஆடு மாடு எட்டும் இடத்திலும் நடாதீர்கள். யாராவது தின்றுவிட்டால் வாந்தி தொடங்கவே சில மணி நேரமாகலாம். நன்றாகத்தானே இருக்கிறார் என்று காத்திராமல், கடித்த கிழங்கின் மிச்சத்தோடு உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.