நெய்வேலி டவுன்ஷிப்பில் தெருவிளக்கு எரியாவிட்டால் யாரிடம் சொல்வது? கம்பெனி டவுன் என்றால் என்ன?

ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்காகக் கட்டி, தானே பராமரிக்கும் ஊர்தான் கம்பெனி டவுன். நெய்வேலி டவுன்ஷிப்பில் சாலை, குடிநீர், தெருவிளக்கு, குப்பை எல்லாமே, அங்கே பழுப்பு நிலக்கரி தோண்டும் என்எல்சி நிறுவனத்தின் நகர நிர்வாகப் பிரிவின் பொறுப்பு. அதனால் புகாரும் அங்கேதான் போக வேண்டும்.

ஏன் இப்படி? பழுப்பு நிலக்கரி எங்கே கிடைக்கிறதோ அங்கேதான் தோண்ட முடியும். 1956-இல் நிறுவனம் தொடங்கியபோது, அங்கே ஆயிரக்கணக்கானோர் குடியிருக்க ஏற்ற நகரம் இல்லை. ‘வட்டம்’ (பிளாக்) எனப்படும் பகுதி பகுதியாக வீடுகள், பள்ளி, மருத்துவமனை என எல்லாவற்றையும் நிறுவனமே கட்டியது. தண்ணீர் கதை இன்னும் சுவாரசியம்: நிலக்கரிப் படுகைக்கு அடியில் நீர் பெரும் அழுத்தத்தில் இருக்கிறது. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்துக்குள் நீர் பீறிடும். இறைத்த நீரில் ஒரு பகுதி ஊருக்கும் பயன்படுகிறது.

கல்லூரி விடுதி மாதிரிதான் இதுவும். வசதி எல்லாம் கிடைக்கும், ஆனால் வார்டனை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. வேலை இருக்கும்வரைதான் குவார்ட்டர்ஸும். ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். என்னைக் கேட்டால், இந்த ஏற்பாட்டின் பெரிய குறை அதுதான்.

சட்டத்திலும் இதற்கு இடமுண்டு. அரசமைப்பின் 243கியூ பிரிவின்படி, நிறுவனமே நகராட்சி சேவைகளைத் தரும் பகுதியை ஆளுநர் தொழில் நகரியமாக அறிவிக்கலாம். அங்கே நகராட்சி அமைக்கத் தேவையில்லை.

அப்புறம், டவுன்ஷிப்வாசிகளுக்கு ஓட்டே கிடையாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு, நெய்வேலி சட்டமன்றத் தொகுதியிலும் கடலூர் மக்களவைத் தொகுதியிலும் அவர்கள் வாக்களிக்கிறார்கள்.